முருகைக்கல்லில் ஊறிய மீன்

தகப்பனும் மகளும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, சுண்டுவிரல் அளவான ஒரு கண்ணாடிக் குழாயை வெயிலில் தூக்கிப் பிடித்து, அதற்குள் இருக்கும் தண்ணீர் மஞ்சளா பச்சையா என்று வாதாடியதுதான்.

“பச்சை” என்றார் இளையதம்பி.

“மஞ்சள் அப்பா.”

“எளம்பச்சை புள்ள. வாழைக்குருத்து மாதிரி.”

கேதீஸ்வரி குழாயை ஒரு வெள்ளைத் தாளுக்கு முன்னால் பிடித்துக் காட்டினாள். திருகோணமலையில் தண்ணீர் பரிசோதிக்கும் ஆய்வுகூடமொன்றில் தொழில்நுட்ப உத்தியோகத்தர் அவள். நிறம் பார்ப்பது அவளுடைய தொழில். அப்படியும் இளையதம்பி விடவில்லை. குசினிப் பக்கம் திரும்பி மனைவியைக் கூப்பிட்டார்.

“அன்னம், இஞ்ச வந்து இதப் பார். மஞ்சளா பச்சையா?”

அன்னப்பூரணி கையில் மாவோடு வந்து எட்டிப் பார்த்தாள். “பழுத்த தேசிக்காய் நிறம். இதுக்கா என்னக் கூப்பிட்ட? அங்க புட்டு மா காயுது.”

“அப்ப மஞ்சள்தான்” என்றார் இளையதம்பி. தோற்றதில் அவருக்குச் சந்தோசம். மஞ்சள் என்றால் தண்ணீரில் அமோனியா இல்லை. நீலப் பீப்பாவுக்குள் மாதக்கணக்காகக் கிடந்த கற்கள் ஆயத்தம். இனி அவற்றைக் கண்ணாடித் தொட்டியில் அடுக்கிக் கடல்நீர் நிரப்பி மீன் விடலாம். மீன் உயிரோடு நீந்துவதைத் தன்னுடைய வீட்டில் இருந்து பார்க்க வேண்டும். அவருக்கு வேறு ஆசை இருந்ததாக யாருக்கும் தெரியாது.

ஒரு பக்கம் கடலும் மறு பக்கம் வாவியுமாக இருக்கிற தேற்றாத்தீவில் பிறந்த மனிதனுக்கு இப்படி ஓர் ஆசையா என்று சிரித்தவர்கள் உண்டு. ஆனால் இளையதம்பி தோணி ஏறியவர் அல்ல. அவர் மீன் வியாபாரி. கரையில் நின்று வாங்கி, ஐஸ் போட்டு, மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி, ஒழுங்கை ஒழுங்கையாக விற்று, மிச்சத்தைக் களுவாஞ்சிக்குடிச் சந்தையில் வைத்து விற்றவர். அவருடைய கைக்கு வந்த மீனெல்லாம் செத்த மீன்.

அவருடைய ஹோர்ன் சத்தத்துக்குப் பெண்களுக்கு முன்னால் பூனைகள் படலைக்கு வரும். வெட்டிக் கழித்த குடலை அவற்றுக்கு எறிந்துவிட்டுத்தான் தராசைத் தூக்குவார். பிள்ளைத்தாச்சிப் பெண் என்று கண்டால் நிறுத்த பிறகு ஒரு மீனை மேலே போடுவார். பழைய மீனைப் புது மீன் என்று சொல்ல மாட்டார். “இது நேற்றையான். பொரிச்சாச் சரி, கறிக்கு ஆகா” என்று சொல்லி விற்பார். கண்ணைப் பார்த்தே அவர் மீனின் வயதைச் சொல்லிவிடுவார். கண் தெளிவென்றால் இன்றையது. மங்கினால் நேற்றையது. குழி விழுந்தால் பூனைக்கு. அந்த வருமானத்தில்தான் கேதீஸ்வரி பல்கலைக்கழகம் போனாள்.

முழங்கால் போனதும் வியாபாரத்தை விட்டார். பூனைகள் மட்டும் கொஞ்சக் காலம் படலைக்கு வந்து பார்த்துவிட்டுப் போயின.

அந்த முழங்காலைக் காட்டத்தான் மகள் அவரைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஆஸ்பத்திரியில் இலக்கத்தைக் கூப்பிட்டபோது ஆளைக் காணவில்லை. தேடிப் போனால், வரவேற்பு மண்டபத்தில் இருந்த பெரிய கண்ணாடித் தொட்டியில் மூக்கு முட்ட நிற்கிறார். உள்ளே மஞ்சள் மீனொன்று கல்லைக் கொத்திக்கொண்டிருந்தது.

“அப்பா, நம்பர் கூப்பிட்டாச்சு.”

“இஞ்ச பார் புள்ள. இது கண்ண உருட்டுது.”

“வாங்கப்பா.”

“எத்தின மீன்ட கண்ணப் பாத்திருப்பன் நான். ஒண்டாவது என்னத் திருப்பிப் பாத்ததா? இது பாக்குது.”

டொக்டர் முழங்காலைப் பற்றிச் சொன்ன ஒன்றும் அவருடைய காதில் ஏறவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த மீனின் கண்தான் கதை.

காத்தான்குடியில் வளர்ப்பு மீன் கடை வைத்திருக்கும் றிப்ஷானைக் கேதீஸ்வரிக்கு ஆய்வுகூட அலுவலாக ஏற்கெனவே தெரியும். கண்ணாடித் தொட்டியைக் கொண்டுவந்து இறக்கிய அன்றே அவன் சொல்லிவிட்டான். “கடல்மீன் கரச்சல் புடிச்சது அண்ணன். மொதல்ல கல்ல ஆயத்தப்படுத்துங்க. கல்லுச் சரிவந்தா மீன் தானா வாழும். வெளிநாட்டில இருந்து வாற காஞ்ச கல்லு எங்கிட்ட இரிக்கி.”

“கல்லா? எங்கட வளவில கிடக்கு” என்றார் இளையதம்பி.

கடலில் இருந்து முருகைக்கல், அதாவது பவளப்பாறைக் கல், எடுப்பது சட்டப்படி குற்றம். கேதீஸ்வரி அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் பூக்கன்றுப் பாத்தியைக் காட்டினார். எப்போதோ கட்டிய பழைய கிணற்றுக்கட்டை இடித்துக் கொங்கிறீற் வளையம் இறக்கியபோது கழித்த கற்கள். செம்பரத்தைக்கும் நித்தியகல்யாணிக்கும் வரம்பாக அடுக்கி வைத்திருந்தார்கள். கிண்டி எடுத்துத் தட்டிப் பார்த்தால் எல்லாம் முருகைக்கல். உடம்பெல்லாம் துவாரம். பழைய சாந்தும் பாசியும் மண்ணும் அடைத்துப்போயிருந்தன.

கேதீஸ்வரி சனி, ஞாயிறுகளில் வீட்டுக்கு வருவாள். தகப்பன் உளியால் சாந்தைக் கொத்த, மகள் பழைய பல் பிரஷால் துவாரங்களைத் தேய்ப்பாள். பிறகு குளோரீன் தண்ணீரில் ஊறவைத்து, வெயிலில் காயவைத்து, மேல்தோலைக் கரைப்பதற்குத் தரை கழுவும் அமிலத்தில் தோய்க்கும் வேலை வந்தது.

“தண்ணிக்குள்ள அமிலத்த ஊத்தணும் அப்பா. அமிலத்துக்குள்ள தண்ணிய ஊத்தினா முகத்துக்குப் பாயும்.”

“உங்கம்மாவும் அப்பிடித்தான். ஆனா அவளுக்கு எதுக்குள்ள எத ஊத்தினாலும் பாயும்.”

“கேக்குது” என்றது குசினி.

கையுறை போடச் சொன்னால் கேட்க மாட்டார். மீன்முள் குத்திக் கிழித்த பழைய தழும்புகளில் அமிலம் பட்டதும் “உஸ்” என்று கையை உதறிவிட்டு, மகள் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு மெல்லக் கையுறையைப் போட்டுக்கொண்டார். கல் சோடாப் போத்தல் திறந்ததுபோல நுரைத்தது. அதைக் குந்தியிருந்து பார்க்க முடியாமல் முழங்கால் தடுக்க, பிளாஸ்ரிக் கதிரையைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டு பார்த்தார்.

அடுத்தது ஊறவைப்பது. பழகிய தோணிக்காரர்கள் கரையில் அள்ளாமல் ஆழத்தில் அள்ளிக்கொண்டு வந்த கடல்நீரை நீலப் பீப்பாவில் நிரப்பி, கற்களை இறக்கி, தண்ணீரைச் சுற்றவிட ஒரு சின்ன மோட்டரையும் போட்டார்கள். கற்கள் வெள்ளை வெளேரென்று கிடந்தன. வேலை முடிந்தது என்றுதான் இருவரும் நினைத்தார்கள்.

முடியவில்லை. தண்ணீரில் பொசுபேற்று ஏறிக்கொண்டே இருந்தது. அது கூடினால் தொட்டி முழுக்கப் பாசி பிடிக்கும். பரிசோதனைத் துளி விட்டதும் குழாய் கருநீலமாகிவிடும். தண்ணீரை மாற்றினால் ஒரு கிழமை வெளிறும், அடுத்த கிழமை திரும்பவும் நீலம். போத்தலில் எடுத்துப்போய் ஆய்வுகூட மானியில் வைத்துப் பார்த்தாள். அங்கேயும் அதே முடிவு. கழுவிய கல்லுக்குள் இவ்வளவு எங்கிருந்து வருகிறது என்று அவளுக்கு விளங்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூக்கன்றுப் பாத்தியைப் பார்த்துக்கொண்டு நின்றவள் சட்டென்று திரும்பினாள்.

“அப்பா, மீன் கழுவின தண்ணியெல்லாம் எங்க ஊத்தினீங்க?”

“எங்க ஊத்துற? பூக்கண்டுக்குத்தான். குடலும் அதுக்குள்ளதான் புதைக்கிற. உங்கம்மாட செம்பரத்தை அப்பிடிப் பூக்கிறது சும்மாவா?”

“எவ்வளவு காலமா?”

“வியாபாரம் துடங்கின நாள்ல இருந்து.”

“அதுதான் கல்லுக்குள்ள கிடக்கு. நீங்க வித்த மீன்ட இரத்தமும் செதிளும். மழை பெஞ்சு பெஞ்சு கல்லுக்குள்ள இறங்கியிரிக்கி. அதுதான் இப்ப கசியுது.”

இளையதம்பி பீப்பாவுக்குள் பார்த்தார்.

“அப்ப அதுகள் இன்னும் போகல்லயா?” என்றார்.

“புதுக் கல்லு வாங்குவம் அப்பா. றிப்ஷானிட்ட இரிக்கி.”

“வேணாம் புள்ள. நான் ஊத்தினத நானே கழுவுறன்.”

அன்றிலிருந்து அது அவருடைய உத்தியோகமாகியது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு வாளி வாளியாகப் பழைய தண்ணீரை அள்ளுவார், புதிதை நிரப்புவார். சந்தைக்குப் போன காலத்தைப் போலவே விடிந்ததும் சேட்டு மாற்றிக்கொண்டு பீப்பாவடிக்குப் போய்விடுவார். நீலம் கிழமைக்குக் கிழமை கொஞ்சம் கொஞ்சமாக வெளிறியது. மகள் அதைப் பார்த்துத் தலையாட்டும்போது சம்பளம் வாங்கியவர் போல நிற்பார்.

பொசுபேற்று இறங்கிய பிறகுதான் அடுத்த வேலை. கல்லின் துவாரங்களுக்குள் பற்றீரியா குடியேற வேண்டும். மீனின் கழிவில் இருந்து வரும் நஞ்சை அவைதான் தின்று தீர்க்கும். கேதீஸ்வரி விளங்கப்படுத்தியதை அவர் ஒரே சொல்லில் முடித்தார்.

“ஆக்கள் குடிவரணும் எண்டு சொல்லு.”

அதற்குப் பிறகு பற்றீரியாவுக்கு அந்த வீட்டில் பெயர் ஆக்கள். மகள் திருகோணமலையில் இருந்து போன் எடுத்தால், “சாப்பிட்டீங்களா” என்பதற்கு அடுத்த கேள்வி, “ஆக்கள் எப்பிடி?” என்பதாக இருக்கும். “வந்து கொண்டிரிக்காங்க போல. தண்ணி மணம் மாறியிரிக்கி” என்பார். வேலிக்கு அப்பால் நின்று பீப்பாவுக்குள் என்ன என்று கேட்டவர்களுக்கும், “ஆக்கள்” என்றுதான் பதில். மனுசனுக்கு மீன் வியாபாரத்தை விட்டதில் மூளை பிசகிவிட்டது என்று ஊரில் ஒரு கதையும் இருந்தது.

மஞ்சளா பச்சையா என்று வாதாடிய அந்த ஞாயிறு, ஆக்கள் முழுதாகக் குடிவந்த நாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் தேத்தண்ணி குடித்துவிட்டு, “நெஞ்சுக்குள்ள இறுக்கமாக் கிடக்கு” என்றார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், ஆட்டோவுக்குள், அன்னப்பூரணியின் தோளில் சாய்ந்தார். அவ்வளவுதான்.

கேதீஸ்வரி வந்து சேர்ந்தபோது பந்தல் போட்டாகிவிட்டது. ஆண்கள் மயானத்தில் இருந்து திரும்பி, குளித்து, வந்தவர்கள் போய், கதிரைகளை எடுக்க ஆள் வந்தபோதுதான் அவள் கிணற்றடிப் பக்கம் போனாள். நீலப் பீப்பா கவிழ்ந்து கிடந்தது. மோட்டரின் வயர் சுருட்டிக் கொடியில் தொங்கியது. கற்கள் சீமெந்துத் தரையில் வரிசையாக, காய்ந்து, வெள்ளையாகக் கிடந்தன.

இளையதம்பியின் அக்கா தெய்வானை அங்கே வாளி கழுவிக்கொண்டிருந்தாள்.

“மாமி, நீலப் பரலுக்குள்ள இருந்த தண்ணி எங்க?”

“ஊத்தியாச்சு புள்ள.”

“ஆரு ஊத்தச் சொன்ன?”

“ஆரு சொல்லணும்? உசிர் போன வீட்டில பிடிச்சு வச்ச தண்ணிய வச்சிரிக்கிறதாகா? குடம், வாளி, தொட்டி எல்லாத்தையும் நான்தான் கவிழ்த்த. பரல் மட்டும் என்ன விசேசம்?”

“அது குடிக்கிற தண்ணி இல்ல மாமி.”

“தண்ணி தண்ணிதான். நாத்தம் வேற. இழவுக்கு வந்த சனம் மூக்கப் பொத்திச்சு. கல்லையும் குளோரீன் போட்டு உரஞ்சிக் கழுவினன். பாரன், பல்லு மாதிரி இரிக்கி.”

கேதீஸ்வரி வாயைத் திறந்தாள். வந்தது தகப்பனுடைய வார்த்தை.

“அதுக்குள்ள ஆக்கள் இருந்தாங்க மாமி.”

தெய்வானை வாளியைக் கீழே வைத்தாள். “ஆருகா இருந்த?”

“அப்பாட ஆக்கள்.”

தெய்வானை நெஞ்சில் கைவைத்தாள். பின்னுக்கு நகர்ந்து நகர்ந்து, விறாந்தையில் சுவரோடு சாய்ந்திருந்த அன்னப்பூரணியிடம் போனாள்.

“மச்சாள், புள்ளைக்கு ஒரு நூல் கட்டணும். கிணத்தடியில ஆரையோ கண்டிரிக்காள். தம்பிட ஆக்களாம், பரலுக்குள்ள இருந்தாங்களாம், நான் ஊத்திப் போட்டனாம்!”

அன்னப்பூரணி நிமிர்ந்து பார்த்தாள். அன்று முதல் தடவையாக அவளுக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்த வாக்கிலேயே அழத் தொடங்கினாள். தெய்வானைக்கு இருவரில் யாருக்கு முதலில் நூல் கட்டுவது என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு கேதீஸ்வரி மாமியோடு பேசவில்லை. மாமி தினமும் வந்து மரக்கறி சமைத்தாள், துடக்கு வீட்டுக்கு வருகிறவர்களைக் கவனித்தாள், கோப்பை கழுவினாள். கேதீஸ்வரி தட்டை எடுத்துக்கொண்டு மற்றப் பக்கம் போவாள். ஆக்களைப் பற்றி மாமிக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை என்பது அவளுக்கு விளங்கும். அப்பா விட்டுப்போனவற்றில் உயிரோடு இருந்தது அந்தத் தண்ணீர் மட்டும்தான் என்பதும் விளங்கும். முதலாவது விளங்கியதால் இரண்டாவது குறையவில்லை.

ஒரு பின்னேரம், வேறொன்றும் செய்யத் தோன்றாமல், ஒரு கல்லை எடுத்து வாளித் தண்ணீரில் போட்டாள். இரண்டு நாள் விட்டாள். பிறகு தகப்பனுடைய பரிசோதனைப் பெட்டியில் இருந்த பொசுபேற்றுத் துளிகளை விட்டுக் குழாயைத் தூக்கிப் பார்த்தாள். நிறமில்லை. குழாயைக் கழுவி, இன்னொரு கல்லில் இருந்து எடுத்துப் பார்த்தாள். அதிலும் நிறமில்லை. வெறும் தண்ணீர்.

அவள் கிணற்றடியில் குந்திவிட்டாள். குளோரீன் ஆக்களைத்தான் கொல்லும். பொசுபேற்றை எடுக்காது. அது போனது அப்பா வாளி வாளியாக அள்ளியதால். விற்ற மீன்களை எல்லாம் அவர் கல்லில் இருந்து அனுப்பிவிட்டுத்தான் போயிருக்கிறார். அந்த வேலையை யாரும் கவிழ்த்து ஊற்ற முடியாது. ஆக்கள் வேறு. அவர்கள் போனால் வேறு ஆக்கள் வருவார்கள். கொஞ்சக் காலம் எடுக்கும்.

குசினிக்குப் போனாள். மாமி கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள்.

“மாமி, ஒரு இறால் வேணும்.”

தெய்வானை கத்தியை நிறுத்தினாள். பேசிய ஆறுதல் ஒரு பக்கம், கேட்ட சாமானின் அதிர்ச்சி மறு பக்கம். “என்ன கதை கதைக்காய்? முப்பத்தொண்டு நாள் முடியாம இந்தப் படலைக்குள்ள மீன் மச்சம் வரப்படாது.”

“சாப்பிடறதுக்கு இல்ல. தண்ணிக்குள்ள போட்டு அழுகவைக்கணும். அப்பத்தான் ஆக்கள் வருவாங்க.”

“திரும்பவும் ஆக்களா?”

கேதீஸ்வரி விளங்கப்படுத்தினாள். கண்ணுக்குத் தெரியாதவை, நஞ்சைத் தின்பவை, கல்லின் ஓட்டைக்குள் குடியிருப்பவை. மாமி கத்தரிக்காயைக் கையில் பிடித்தபடி முழுவதையும் கேட்டாள்.

“அப்ப நான் எல்லாரையும் சாகடிச்சுப் போட்டனா?”

“தெரியாமத்தானே மாமி.”

“தம்பி இருந்திருந்தா எனக்கு என்ன சொல்லியிருப்பான்?”

“நல்லாப் பேசியிருப்பார். மறுகா சோறு கேட்டிருப்பார்.”

தெய்வானை முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கத்தரிக்காயைத் திரும்ப வெட்டத் தொடங்கினாள். “முப்பத்தொண்டு முடியட்டும்” என்றாள். “நானே கொண்டாறன்.”

முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து, வீடு கழுவி, படைத்து, எல்லாம் ஓய்ந்த மறுநாள் காலையில் மாமி ஒரு சின்னப் பையோடு வந்து கிணற்றடியில் நின்றாள். கேதீஸ்வரி பீப்பாவில் புதுக் கடல்நீர் நிரப்பிக் கற்களை இறக்கியிருந்தாள். பையை விரித்துப் பார்த்தால் இறால் கடும் மஞ்சளாக இருந்தது.

“என்ன மாமி இது?”

“மஞ்சள் போட்டுக் கழுவின. செத்த வீடு கழிஞ்சு மொதல் மச்சம். சும்மா கொண்டாறதா?”

“அழுகப்போற இறாலுக்கு ஆரு மாமி மஞ்சள் போடுற? மஞ்சள் போட்டா ஆக்கள் கிட்டவும் வரமாட்டாங்க.”

“அந்த ஆக்களுக்கு நம்மட வழமை ஒண்டும் தெரியாது போல” என்று முணுமுணுத்துக்கொண்டு, தெய்வானை திரும்பிச் சந்தைக்கு நடந்தாள். இரண்டாவது தடவை தலையும் தோலுமாக, கழுவாமல் கொண்டுவந்தாள். தன் கையாலேயே பீப்பாவுக்குள் போட்டாள். போடும்போது கண்ணை மூடிக்கொண்டு ஏதோ சொன்னாள்.

அந்தக் கிழமையே குழாய் பச்சையாகியது. கடும் பச்சை. இறால் அழுகி அமோனியா ஊறுகிறது, வேலை தொடங்கிவிட்டது என்று அர்த்தம். கேதீஸ்வரி லீவு முடிந்து திருகோணமலைக்குப் போனாள். துளி விட்டு நிறம் பார்க்கும் பொறுப்பை அன்னப்பூரணி ஏற்றுக்கொண்டாள். போனில் நிறத்தை அவள் காய்கறியாகவே சொல்வாள். “இண்டைக்குப் பீர்க்கங்காய்” என்பாள். சில கிழமை கழித்து, “பிஞ்சுத் தேசிக்காய்.” இன்னும் மஞ்சளாகவில்லை. ஆனால் போய்க்கொண்டிருந்தது.

அடுத்த முறை அவள் வீட்டில் நின்ற சனிக்கிழமை, தகப்பனுடைய போன் அடித்தது. அன்னப்பூரணி அதற்குத் தினமும் சார்ஜ் போட்டு வைத்திருந்தாள். கேதீஸ்வரி எடுத்தாள்.

“நான் றிப்ஷான் காத்தான்குடியில இருந்து. அண்ணன் மௌத்தான செய்தி எனக்குப் பிந்தித்தான் கிடைச்ச. என்ன சொல்ற எண்டு தெரியாமத்தான் இவ்வளவு நாளும் எடுக்கல்ல. மனசு கேக்கல்ல தங்கச்சி.”

“பரவாயில்ல.”

“கல்லு என்ன மாதிரி?”

“திரும்பத் துடங்கியிரிக்கம். இன்னும் கொஞ்சம் போகணும்.”

“அவசரமில்ல. அண்ணன் சொல்லி வச்ச சோடி மீன் ரெண்டும் இஞ்ச சுகமா இரிக்கி. நான் ஒருத்தருக்கும் குடுக்கல்ல.” அந்தப் பக்கத்தில் தொட்டிகளின் குமிழிச் சத்தம் கேட்டது. “கல்லுக் கழுவத் துடங்கின நாள்ல இருந்து கூப்பிட்ட நான். ஒருக்கா வந்து பாத்திட்டுப் போங்க அண்ணன், பாக்கிறதுக்கு என்ன எண்டு. ஒரு நாளும் வரல்ல. வீடு கட்டி முடிக்காம மாப்பிள்ளை பாக்கப் போறதா எண்டு கேப்பார். மறுகா அந்த ஞாயிற்றுக்கிழமதான் போன் எடுத்தார். வீடு முடிஞ்சிது தம்பி, புதன்கிழம வாறன் எண்டார்.”

கேதீஸ்வரி போனை வைத்தாள். தாய் குசினி வாசலில் நின்றாள்.

“ஆரு புள்ள?”

“காத்தான்குடிக் கடை. அப்பா புதன்கிழம மீன் பாக்க வாறன் எண்டு சொன்னவராம்.”

“ஓம்” என்றாள் அன்னப்பூரணி. “திங்கக்கிழமையே சேட்டு அயன் பண்ணச் சொன்னவர்.”

அறைக் கதவுக்குப் பின்னால் அந்த நீலச் சேட்டு கொழுவியில் தொங்கியது. மடிப்புக் குலையவில்லை. அதன் பையில் அவருடைய மூக்குக்கண்ணாடி இருந்தது. பத்திரிகை பார்க்கவும் போடாத கண்ணாடி அது. மீனைப் பார்க்கவென்று எடுத்து வைத்திருந்தார்.